சிசிடிவியில் இருப்பது என் தம்பிதான் என்கிறார்கள், என்ன செய்வது?

கேள்வி: என் தம்பி உணவு டெலிவரி ஓட்டுகிறான். பினாங்கு ஜெலுத்தோங்கில் மத்தியானம் ஓர் அம்மாவின் சங்கிலியை யாரோ அறுத்துக்கொண்டு போன சிசிடிவி காட்சி வாட்ஸ்அப்பில் பரவியது. அது இவன்தான் என்று யாரோ சொல்ல, போலீஸ் கூப்பிட்டு வாக்குமூலம் எடுத்தது. அடுத்த வாரம் அடையாள அணிவகுப்பு, பலரோடு வரிசையில் நிற்க வைத்து அந்த அம்மாவை அடையாளம் காட்டச் சொல்வார்களாம். அந்த நேரத்தில் அவன் பாயான் லெப்பாசில் இருந்தான். அவன் படத்தைப் போட்டு "இவன் நிரபராதி" என்று ஃபேஸ்புக்கில் எழுதியிருக்கிறேன். கேமராவே காட்டிய பிறகு எங்கள் பேச்சு எடுபடுமா? (வாசகி, பட்டர்வொர்த்)

பதில்: எடுபடும், சகோதரி. ஆனால் முதலில் அந்தப் பதிவை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, இப்போதே நீக்கிவிடுங்கள். அந்த அம்மா திருடனைப் பார்த்தது சில விநாடிகள். அதன்பிறகு உங்கள் தம்பியின் படத்தைப் பார்த்திருந்தால், அணிவகுப்பில் அவருக்குப் பழகிய முகமாகத் தெரிவது படத்தில் பார்த்த முகம்தான், ஆனால் திருடனின் முகம் என்றே மனதார நம்புவார், அதில் பொய் எதுவும் இருக்காது. அமெரிக்காவில் 1984-ல் ஜெனிஃபர் தாம்சன் என்ற பெண் தன்னைத் தாக்கியவர் என்று ரொனால்ட் காட்டனை முதலில் படத்தில் காட்டினார், பிறகு அணிவகுப்பில் காட்டினார், ஒவ்வொரு முறையும் உறுதி கூடிக்கொண்டே போனது. காட்டன் பத்து வருடத்துக்கு மேல் சிறையில் கிடந்து, 1995-ல் டிஎன்ஏ சோதனையால்தான் வெளியே வந்தார். வேற்று இனத்தவரின் முகத்தை அடையாளம் காண்பதில் எல்லோருக்குமே தவறு அதிகம் என்பதும் பலமுறை நிரூபணமான விஷயம், பல இனத்தவர் வாழும் நம் ஊரில் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

கேமரா விஷயமும் அப்படித்தான். பினாங்கு அரசு 2019-ல் முக அடையாளத் தொழில்நுட்பத்தைக் கொண்டுவந்தது. அடுத்த வருடம் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் இதே வகைத் தொழில்நுட்பம் ராபர்ட் வில்லியம்ஸ் என்பவரைக் கேமராவில் இருந்த வேறொரு ஆளோடு தவறாகப் பொருத்திக் காட்டியதால் போலீஸ் கைது செய்தது. மலேசியாவின் சாட்சியச் சட்டம் 90A பிரிவின்படி கேமரா பதிவு கோர்ட்டுக்குள் வரும், சரி, ஆனால் அதில் இருப்பது யார் என்பதைத் தனியாக நிரூபிக்க வேண்டும். எவ்வளவு தூரம், என்ன வெளிச்சம், எத்தனை நேரம் பார்த்தார், இடையில் மறைப்பு ஏதும் இருந்ததா என்று பார்க்கச் சொல்லும் இங்கிலாந்தின் டர்ன்புல் வழிகாட்டுதலை நம் நீதிமன்றங்களும் பின்பற்றுகின்றன.

இந்த வாரம் உங்கள் முக்கியமான வேலை வேறு. செயலியில் அன்றைய ஆர்டர் விவரம், போனின் இருப்பிடப் பதிவு இரண்டையும் சேமியுங்கள். அவன் சாப்பாடு எடுத்த கடையின் கேமரா பதிவைப் பத்திரமாக வைக்கச் சொல்லி இன்றே கடிதம் கொடுங்கள், பல கடைகளில் சில வாரத்திலேயே பழையது அழிந்து புதியது ஏறிவிடும். வழக்கு வந்தால், வேறு இடத்தில் இருந்தேன் என்ற வாதத்துக்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 402A பிரிவின்படி முன்கூட்டியே எழுத்து மூலம் நோட்டீஸ் தர வேண்டும், கடைசி நேரத்தில் எடுத்து நீட்ட முடியாது.

அணிவகுப்புக்கு முன்பே லாயரைப் பாருங்கள். அவனோடு நிற்பவர்கள் வயதிலும் உடல்வாகிலும் நிறத்திலும் அவனைப் போல இருக்க வேண்டும், இல்லையென்றால் அங்கேயே ஆட்சேபத்தைப் பதிவு செய்ய வேண்டும். அந்த அம்மாவுக்கு யாராவது முன்கூட்டியே அவன் படத்தைக் காட்டினார்களா என்பதையும் லாயர் கேட்பார். மறுபடி வாக்குமூலம் எடுத்தால், அதே குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 112-வது பிரிவின்படி தன்னைக் குற்றத்தில் மாட்டிவிடும் கேள்விக்கு அவன் பதில் சொல்ல வேண்டியதில்லை. படித்துக் காட்டச் சொல்லி, தப்பிருந்தால் திருத்திய பிறகே கையெழுத்துப் போடட்டும்.

கைது செய்தால் அதே சட்டத்தின் 28A பிரிவின்படி வீட்டுக்கும் லாயருக்கும் தகவல் சொல்லும் உரிமை அவனுக்கு உண்டு. பதினான்கு வருடத்துக்குக் குறைவான தண்டனைக் குற்றமென்றால் ரிமாண்ட், அதாவது விசாரணைக்காகப் போலீஸ் காவலில் வைப்பது, முதலில் நான்கு நாள் வரை, நீட்டித்தால் இன்னும் மூன்று நாள் வரைதான். லாயருக்குப் பணம் இல்லையென்றால், ரிமாண்டுக்குக் கொண்டுவரும் அன்றே தேசிய சட்ட உதவி அறவாரியத்தின் வழக்கறிஞர் வேண்டும் என்று மாஜிஸ்திரேட்டிடம் அவன் வாய்திறந்து கேட்கட்டும்.