ஞாயிற்றுக்கிழமைக்கு ஜெராய் மலை இருக்கிறது, தம்பி

தம்பி, மலேசியாவுக்கு, பீடோங் பக்கத்துச் செம்பனை எண்ணெய் ஆலைக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது, வேலை பிடித்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைதான் நகரவே மாட்டேன் என்கிறது என்று எழுதியிருக்கிறாய். ஊரில் கூட்டாளிகளோடு சதுரகிரி ஏறியவனுக்கு இங்கே யார் துணை என்றும் கேட்டிருக்கிறாய். 1997-இல் நானும் இப்படித்தான் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில், வாசலில் உட்கார்ந்து ஜெராய் மலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் மே 23-ஆம் தேதி எவரெஸ்ட் உச்சியை முதன்முதலில் தொட்ட மலேசியர்கள் மகேந்திரன், மோகனதாஸ் என்ற இரண்டு தமிழர்கள். தோட்டம் முழுக்க அதே பேச்சு. தேநீர்க் கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மெக்கானிக் அண்ணன் நிமிர்ந்து பார்த்து, "நமக்கு ஜெராய் இருக்கே, வர்றியா?" என்றார். அடுத்த ஞாயிறே கிளம்பினோம். அவர், லாரி ஓட்டும் மலாய் நண்பர், இரும்புக் கடைச் சீன நண்பர், நான். இன்றுவரை அதே நால்வர்தான்.

ஜெராய் 1,217 மீட்டர். சதுரகிரியின் பாறையும் வெயிலும் இங்கே கிடையாது; வேர், சேறு, அட்டை. பேண்ட்டை நீளக் காலுறைக்குள் செருகிக்கொள். மேகம் விலகினால் ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் பச்சைப் பசேலென்று நெல்வயல். அடிவாரத்தில் பூஜாங் பள்ளத்தாக்கின் பழைய கோயில் இடிபாடுகள் இருக்கின்றன. 1025-இல் ராஜேந்திர சோழனின் படை வந்த கடாரம் இந்தப் பக்கம்தான் என்பார்கள். கப்பலில் வந்தவர்களுக்குத் தூரத்திலிருந்து முதலில் தெரிந்தது இந்த மலை. அதை மெக்கானிக் அண்ணன் மேலே நின்று சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

2009-இல் நால்வரும் போர்னியோ தீவில் இருக்கும் சபா மாநிலத்துக்குப் போய்க் கினபாலு மலை ஏறினோம். 4,095 மீட்டர். வழிகாட்டி இல்லாமல் விடமாட்டார்கள். உள்நாட்டு விமானம் என்றாலும் சபாவில் குடிநுழைவுச் சோதனை உண்டு, பாஸ்போர்ட் தேவை. (பாஸ்போர்ட் உன் கையில்தானே இருக்கிறது? முதலாளி வாங்கி வைத்துக்கொள்வது இந்த நாட்டில் சட்டப்படி குற்றம். அதை முதலில் பார்.) முதல் நாள் சாயங்காலம் 3,200 மீட்டருக்கு மேலே லாபான் ராத்தாவில் தங்கினோம். லாரிக்கார நண்பருக்குத் தலைவலி, வாந்தி. ராத்திரி இரண்டரை மணிக்கு நாங்கள் விளக்கைக் கட்டிக்கொண்டு நின்றபோது இரும்புக் கடைக்காரர் தன் விளக்கைக் கழற்றி வைத்தார். "நான் இவரோடு இருக்கிறேன், நீங்கள் போய் வாருங்கள்" என்றார். ஒரு வருஷமாகக் காசு சேர்த்து வந்தவர் அவர். கருங்கல் சரிவில் கயிற்றைப் பிடித்து ஏறும்போது கை விறைத்தது, விடியலும் அழகாகத்தான் இருந்தது. ஆனால் கினபாலு என்றால் எனக்கு அந்தக் கழற்றி வைத்த விளக்குதான் ஞாபகம் வருகிறது. ஆறு வருஷம் கழித்து, 2015 ஜூன் 5-ஆம் தேதி, அதே மலையில் நிலநடுக்கம் வந்து 18 பேர் இறந்தார்கள். அன்றைக்கு நால்வரும் ஒருவரை ஒருவர் போனில் கூப்பிட்டு ஒன்றும் பேசத் தோன்றாமல் இருந்தோம்.

பனிச்சறுக்கு பற்றியும் கேட்டாய். இந்த வெயில் நாட்டில் அதற்கு மலை ஏது? 2018 ஜனவரியில் ஜப்பானின் ஹொக்கைடோவுக்குப் போனோம். மலேசியக் குடிமக்களான அவர்களுக்கு விசா தேவையில்லை, என் இந்தியப் பாஸ்போர்ட்டுக்குத் தேவை. எனக்கு விசா கிடைக்கும்வரை மூவரும் டிக்கெட் எடுக்கவில்லை. சைபீரியக் குளிர்காற்று ஜப்பான் கடலைத் தாண்டும்போது ஈரத்தை அள்ளிவந்து அங்கே பனியாகக் கொட்டுகிறது. பனி அரிசி மாவு போல இருக்கும். காலில் மாட்டிய சறுக்குப் பலகைகளின் முன்முனைகளை நெருக்கி, பின்பக்கத்தை விரித்தால் வேகம் குறையும். விழுந்தால் பலகையைச் சரிவுக்குக் குறுக்கே வைத்து எழ வேண்டும். முதல் நாள் விழுந்துகொண்டே இருந்தேன். ஒவ்வொரு தடவையும் மேலேயோ கீழேயோ இருந்து ஒருவர் "ஓகே லா?" என்று கத்துவார்.

அது பிறகு. இப்போதைக்கு ஜெராய். வரும் ஞாயிறு மழை இல்லையென்றால் காலை ஐந்தரைக்குத் தேநீர்க் கடையில் கூடுகிறோம், ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவோம். இரண்டு தண்ணீர் பாட்டில், மாற்றுச் சட்டை கொண்டு வா. சேற்றுக்கு ரப்பர் ஷூதான் நல்லது. இரும்புக் கடையில் சொல்லி எடுத்து வைக்கிறேன், கால் அளவை மட்டும் சொல்.