கை சிறியதா? டபுள் பேஸ் வாங்கும் முன் தந்தியின் உயரத்தை அளந்து பாருங்கள்

கேள்வி: எனக்கு வயது 36. சில வருடங்களாக பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். வயலின் குடும்பத்தின் பெரிய கருவியான டபுள் பேஸ் கற்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. என் உயரம் 5 அடி 1 அங்குலம், விரல்களும் குட்டை. விற்பனையாளர் ஒருவர், "உங்கள் கைக்கு 1/2 அளவுதான் சரிப்படும். வில், உறை எல்லாம் சேர்த்தே தருகிறேன், இந்த வாரம் முன்பணம் கொடுத்துவிடுங்கள்" என்கிறார். கொடுக்கலாமா? இந்த வயதில் கை படியுமா?

பதில்: முன்பணம் கொடுக்காதீர்கள். கை படியும், அதைப் பற்றிய கவலை வேண்டாம்.

முதலில் அளவு விஷயம். டபுள் பேஸில் பெரியவர்கள் வாசிக்கும் வழக்கமான அளவே 3/4தான். பெரிய இசைக்குழுக்களில் டபுள் பேஸ் வாசிப்பவர்களில் பெரும்பாலானோர் கையில் இருப்பதும் அதுவே. 4/4 அபூர்வம். ஆகவே 3/4 என்பதைச் சிறுவர்களுக்கான கருவி என்றோ, 1/2 என்றால் அதில் பாதிக்குச் சற்று மேல் என்றோ நினைக்க வேண்டாம். இந்தப் பின்னங்களுக்கும் கணக்குக்கும் சம்பந்தமே இல்லை. செய்பவர்களும் விற்பவர்களும் இத்தனை காலமாகியும் ஒரே அளவுமுறைக்கு வரவில்லை. ஒருவர் 3/4 என்று விற்பதை இன்னொருவர் வேறு பெயரில் விற்கிறார். இந்தக் குழப்பத்துக்கு விலை கொடுப்பது எப்போதும் புதிதாகக் கற்க வருபவர்தான். எனக்கு இதில் பொறுமை போய்விட்டது.

நீங்கள் கேட்க வேண்டியது தந்தியின் அதிரும் நீளம். அதாவது கழுத்தின் தலைப்பக்கத்தில் தந்திகளைத் தாங்கும் சிறு கட்டையான நட்டிலிருந்து, உடலின் மேல் அவற்றைத் தாங்கி நிற்கும் குதிரை வரை உள்ள தூரம். 3/4 கருவியில் இது பெரும்பாலும் 104 முதல் 107 செ.மீ. இருக்கும், 1/2 அளவில் சுமார் 97 செ.மீ. இனி விரலுக்கு வருவோம். கழுத்தின் உச்சியில், விரல்கள் மிகவும் அகல வேண்டிய இடத்தில், முதல் விரலான ஆள்காட்டிக்கும் நான்காம் விரலான சுண்டுவிரலுக்கும் இடையே 105 செ.மீ. தந்தியில் ஏறக்குறைய 10.8 செ.மீ. தேவை. 97 செ.மீ. தந்தியில் 10 செ.மீ. போதும். வித்தியாசம் ஒரு செ.மீ. கூட இல்லை. இந்தச் சிறு லாபத்துக்காக, பிறகு யாரும் எளிதில் திரும்ப வாங்காத ஒரு கருவியை அந்த விற்பனையாளர் உங்கள் தலையில் கட்டப் பார்க்கிறார்.

கையை உண்மையில் களைக்க வைப்பது தந்தியின் உயரம், அதாவது விரல் பலகைக்கு மேல் தந்தி எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பது. நான்கு தந்திகளின் இழுவிசை சேர்ந்தால் 100 கிலோவைத் தாண்டும். விரல் பலகையின் கீழ் முனையில் மிக மெல்லிய ஜி தந்தி சுமார் 6 மி.மீ., மிகத் தடித்த ஈ தந்தி சுமார் 9 மி.மீ. உயரத்தில் நின்றால் எஃகுத் தந்தி போட்ட கருவி ஒரு தொடக்கக்காரருக்கு வாசிக்கத் தக்கது. மலிவான புதுக் கருவிகள் பல, குதிரையைச் சரியாகச் செதுக்காமலே பெட்டிக்குள் வந்துவிடும். அளந்தால் இதைப்போல் இரண்டு மடங்கு கூட இருக்கும். அப்படிப்பட்டதில் பலசாலியும் ஒரு மாதத்தில் கட்டைவிரல் அடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். பிறகு "எனக்குக் கை சரியில்லை" என்று தன்னையே குறை சொல்லிக்கொண்டு விலகிவிடுவார். இப்படிக் கைவிட்டுப் போனவர்களை நினைத்தால் மனம் ஆறவில்லை. ஒரு நல்ல கைவினைஞர் குதிரையையும் நட்டையும் இழைத்துக் கொடுத்திருந்தால் இன்றும் வாசித்துக்கொண்டிருப்பார்கள்.

அதனால் என் பேச்சு ஒன்றுதான்: முதல் வருடம் வாடகைக்கு எடுங்கள். செட்டப் செய்து, அதாவது குதிரை, நட்டு, தந்தி உயரம் எல்லாவற்றையும் சரிப்படுத்தித் தரும் இடத்தில் எடுங்கள். ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். குதிரை உயரம் சரிசெய்யும் செலவு யாருடையது, மரத்தில் விரிசல் விட்டால் யார் பொறுப்பு, பின்னர் வாங்கினால் கட்டிய வாடகையில் எவ்வளவு கழியும். வாய்வார்த்தையாக வேண்டாம், எழுத்தில் வாங்குங்கள். இசைப் பள்ளிகள் சிலவற்றில் நல்ல பேஸ்கள் உறை போட்டபடி மூலையில் தூங்குகின்றன. கேட்டால், பாடத்தில் சேர்ந்தவருக்கு மட்டும், அதுவும் வளாகத்துக்குள் மட்டும் என்பார்கள். வாசிக்காமல் கிடக்கும் கருவியால் யாருக்கு என்ன பயன்? ஆனாலும் கேட்டுப் பாருங்கள், விடாமல் கேளுங்கள்.

இடைத்தரகர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வில், உறை, வில்லில் பூசும் ரோசின் பிசின் இலவசம் என்றால் அந்த வில் பெரும்பாலும் வளைந்த குச்சியாகத்தான் இருக்கும். உள்ளே ஒட்டிய பழைய சீட்டைக் காட்டி "ஐரோப்பாவில் செய்தது, நூறு வருடம்" என்பார்கள். சீட்டை யாரும் எப்போதும் ஒட்டலாம்; அது எதற்கும் அத்தாட்சி ஆகாது. ஆசிரியரே ஒரு கடையைச் சுட்டி அங்கேதான் வாங்க வேண்டும் என்று வற்புறுத்தினால், அவருக்கு அதில் பங்கு உண்டா என்று நேரே கேட்டுவிடுங்கள். கூச்சப்பட வேண்டாம். யாரிடம் வாங்கினாலும், விற்பவரோடு தொடர்பில்லாத ஒரு பழுதுபார்ப்பவர் கருவியைப் பார்த்த பிறகே பணம் கைமாற வேண்டும். ஒட்டுப்பலகையில் செய்தது என்றால் மட்டம் என்று நினைக்காதீர்கள். தொடங்குபவருக்கு அது நல்லது; வெப்பம், ஈரம் மாறும்போது செதுக்கிய மரத்தைவிடத் தாங்கும்.

1/2 அளவே சரி என்று ஆகும் நிலை ஒன்று உண்டு. அதைக் கவனமாகப் புரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் விற்பவர் இதைத்தான் பிடித்துக்கொள்வார். முதலில் 3/4 கருவிகளிலேயே நீளம் குறைந்ததை, 104 செ.மீ. அல்லது அதற்கும் கீழே உள்ளதைத் தேடுங்கள். கருவியின் உடலில், கழுத்தை ஒட்டிய தோள் பகுதி சரிவாக இருக்கிறதா என்றும் பாருங்கள். தோள் அகன்ற கருவியில் மேல் ஸ்தாயிக்குக் கையை வளைத்துக் கொண்டுபோவது குட்டையானவருக்குச் சிரமம். அதில் தந்தி உயரம் சரியாக இருந்து, கீழே ஊன்றும் கம்பியின் நீளமும் சரியாக இருந்து, ஆசிரியர் கை நிலையைப் பார்த்துத் திருத்தி, இரண்டு மூன்று மாதம் போன பிறகும் மணிக்கட்டில் வலி நிற்கவில்லை என்றால் 1/2 எடுக்கலாம். அப்போதும் வாடகைக்கே எடுங்கள். அதற்கென்று செய்த தந்திகளைப் போடச் சொல்லுங்கள்; 3/4 தந்தியை அதில் கட்டினால் தளர்ந்து, மந்தர ஸ்தாயி குழம்பி ஒலிக்கும். இவ்வளவும் செய்து பார்க்காமல், கையைக் கண்ணால் பார்த்தே அளவு சொல்பவரை நம்பாதீர்கள்.

பேஸ் கிட்டார் பழக்கம் உங்களுக்குப் பாதி வழியைக் கடத்திவிடும். சுருதி அதே ஈ, ஏ, டி, ஜி. கீழ் ஈ சுமார் 41 ஹெர்ட்ஸ். எழுதியதைவிட ஒரு ஸ்தாயி கீழே ஒலிப்பதும் அப்படியே. ஆனால் ஒரு கட்டத்துக்கு ஒரு விரல் என்ற பழக்கத்தை மட்டும் வாசலிலேயே விட்டுவிடுங்கள். பேஸ் கிட்டாரின் தந்தி சுமார் 86 செ.மீ.; இங்கே அதைவிட ஏறக்குறைய 20 செ.மீ. கூடுதல். கீழ் நிலைகளில் முதல், இரண்டாம், நான்காம் விரல்தான். மூன்றாவது விரல் நான்காவதுக்குத் துணையாக அதோடு சேர்ந்தே அழுத்தும். வியன்னாவில் கற்பித்த ஃபிரான்ஸ் சிமாண்டல் (1840–1912) பாடமுறையால் பரவிய பழக்கம் இது. முதல் விரலுக்கும் நான்காவதுக்கும் இடையே ஒரு முழுச் சுரம். அதற்கு மேல் வேண்டுமென்றால் விரலை இழுக்காமல் கையையே நகர்த்த வேண்டும். குட்டை விரலோடு பலர் நன்றாக வாசிப்பது இதனால்தான்.

கட்டைவிரலால் கழுத்தை நெரிக்காதீர்கள். கையின் எடை கீழ்நோக்கித் தொங்கட்டும். விரல் நுனித் தோல் தடிப்பது இயல்பு. கட்டைவிரல் அடியிலோ மணிக்கட்டிலோ வலித்தால் அன்றைய பயிற்சியை அங்கேயே நிறுத்துங்கள். முதல் மாதங்களில் 20 நிமிடமாக இரண்டு வேளை போதும்.

ஜாஸ் வாசிக்கத்தான் ஆசை என்றாலும் வில்லோடு தொடங்குங்கள். விரலால் மீட்டும்போது ஒலி சீக்கிரம் தேய்ந்துவிடுவதால் சுருதி விலகியது தெரியாது. வில் இழுத்தால் உடனே தெரியும். பிடிக்கும் விதத்தில் வேறுபடும் பிரெஞ்சு வில்லா, ஜெர்மன் வில்லா என்று மண்டையை உடைத்துக்கொள்ளாமல், உங்கள் ஆசிரியர் எதைப் பிடிக்கிறாரோ அதையே பிடியுங்கள். தந்தி மாற்றும்போது ஒவ்வொன்றாக மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றினால், உள்ளே ஒட்டாமல் நிற்கும் சவுண்ட் போஸ்ட் என்ற சிறு மரத்தூண் விழுந்துவிடக்கூடும்.

அந்த விற்பனையாளருக்கு இப்படிப் பதில் அனுப்புங்கள்: தந்தியின் அதிரும் நீளம் எவ்வளவு, விரல் பலகை முனையில் ஜி, ஈ தந்திகளின் உயரம் எவ்வளவு, நான் அழைத்துவரும் பழுதுபார்ப்பவர் கருவியைப் பார்க்கலாமா. மூன்றுக்கும் எழுத்தில் பதில் வராவிட்டால், அவரோடு பேச்சை நிறுத்திவிட்டு வாடகைக் கருவி தேடத் தொடங்குங்கள்.