வறண்ட எல்லையை நடந்து படிப்பது: குப்பத்திலிருந்து கேள்வி பதில்

அக்கா, சுற்றுச்சூழல் வரலாறு என்றாலே எல்லோரும் ராஜஸ்தானைக் காட்டுகிறார்கள். பாலைவனம் இல்லாத நம் பக்கத்தில் என்ன படிப்பது? (முதுகலை மாணவி, ஆந்திர எல்லையோரக் குப்பம்)

ஒருமுறை அனந்தபூர் மாவட்டம் போய்ப் பாரும்மா. ராயதுர்கம் தாண்டி கணேகல், பொம்மனஹாள் பக்கம் வேதவதி ஆற்றை ஒட்டி மணல்மேடுகள் நிற்கின்றன. ஆற்றுமணலைக் காற்று வாரி வயலில் கொட்டுகிறது. ஆண்டு மழையே சுமார் 550 மி.மீ.தான். தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை மறித்துவிடுகிறது, வடகிழக்கு மழையோ அவ்வளவு உள்ளே வருவதற்குள் ஓய்ந்துவிடுகிறது. ஒன்று நினைவில் வை: அனந்தபூர் பெல்லாரியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது 1882-ல். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றித் தேடினால் பெல்லாரி ஆவணங்களைக் கேட்க வேண்டும்.

ஆந்திரம், தமிழ்நாடு இடையே நடக்கும் பாலாற்றுத் தடுப்பணைச் சண்டையில் எல்லோரும் 1892 ஒப்பந்தத்தையே பிடித்துக்கொள்கிறார்கள். அதிலிருந்து ஆய்வைத் தொடங்கலாமா? (வாணியம்பாடி)

தொடங்கலாம் தம்பி. ஆனால் அது யார் யாரோடு போட்டது என்று முதலில் பார். மைசூர் சமஸ்தானமும் சென்னை மாகாணமும் போட்டது. அன்று குப்பமும் வாணியம்பாடியும் ஒரே மாகாணம். இன்று நாம் நின்று சண்டை போடும் கோடு மாநில எல்லையானது 1953 அக்டோபர் 1-ல், ஆந்திரம் தனியாகப் பிரிந்தபோது. 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது, குப்பம் ஆந்திரத்திலேயே நின்றது.

ஆறு கர்நாடகத்தில் 93 கி.மீ., ஆந்திரத்தில் 33, தமிழ்நாட்டில் 222 ஓடுகிறது. அந்த 33 கி.மீ.யைக் கரையோரமாக நட. தடுப்பணைக்கு மேலேயும் கீழேயும் கிணறு வைத்திருப்பவர்களிடம் ஒரே கேள்வியைக் கேள்: கிணற்றை எந்த வருஷம் ஆழப்படுத்தினீர்கள், போர்வெல் எப்போது போட்டீர்கள்? இரண்டு பக்கப் பதிலையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து எழுது. ஒரு பக்கத்தை மட்டும் கேட்டு எழுதியதை வரலாறு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஏரியில் போய் நின்றால் எதைப் பார்ப்பது என்றே தெரியவில்லை. (பள்ளி ஆசிரியர், பலமநேர்)

முதலில் கலங்கலில், அதாவது உபரி நீர் வழியும் இடத்தில், நில்லுங்கள் சார், ஏரி எவ்வளவு நிரம்ப வேண்டும் என்று அங்கே தெரியும். அப்புறம் வயலுக்குத் தண்ணீர் திறக்கும் மதகு. மதகின் வாய் வண்டலில் புதைந்திருந்தால் ஏரி எவ்வளவு தூர்ந்திருக்கிறது என்பதற்குக் கண்ணெதிரே அளவு கிடைத்துவிடும். நம் பக்கம் மாட்டு மந்தையைக் கவரும் சண்டையில் செத்த வீரர்களுக்கு நட்ட நடுகற்கள் நிறைய. கல்லில் செதுக்கிய வீரன் இடுப்புவரை மண்ணுக்குள் இருக்கிறானா? சிற்பத்தை மண்ணுக்கு மேலே தெரியும்படிதானே நட்டிருப்பார்கள், ஆகவே தரை உயர்ந்திருக்கிறது. ஆனால் கல்லை யாராவது இடம் மாற்றினார்களா என்று ஊரில் விசாரிக்காமல் முடிவுக்கு வராதீர்கள். செம்மறி மேய்ப்பவர்களைக் கட்டாயம் கேளுங்கள், புறம்போக்கும் பழைய தடமும் அவர்களுக்கு அத்துப்படி.

சீமைக்கருவேலம் தாத்தா காலத்திலிருந்தே உண்டு என்கிறார்களே? (கிருஷ்ணகிரி)

இருக்கலாம். இது அமெரிக்கக் கண்டத்து மரம். 1870-களிலேயே கடப்பை மாவட்டம் கமலாபுரம் பக்கம் விதைத்தார்கள். ராஜஸ்தானத்து ஜோத்பூர் சமஸ்தானம் 1940-ல் இதை அரச மரியாதைக்குரிய மரமாகவே அறிவித்தது. அதனால் பழையதா புதியதா என்று கேட்பதைவிட, உங்கள் ஊர் மேய்ச்சல் நிலத்தை எப்போது மூடியது, அதற்கு முன் அங்கே என்ன மேய்ந்தது என்று கேளுங்கள்.

ஆவணங்கள் எங்கே? தெலுங்கு வேண்டுமா?

மாகாணக் காலத்துக் காகிதங்களுக்குச் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகம். கிராம வரைபடத்துக்கு அந்தந்த ஊர் வருவாய் அலுவலகம். தெலுங்கு கட்டாயம் வேண்டும், கொஞ்சம் கன்னடமும்.

எந்த மாதம் கிளம்புவது?

ஏரியின் அடியைப் பார்க்கச் சித்திரை. கணேகல் மணலுக்கு ஆடி, காற்று அப்போதுதான் அடிக்கும். முகத்தைச் சுற்ற ஒரு துண்டு எடுத்துக்கொள்ளுங்கள், கேமராவை உறையை விட்டு எடுக்காதீர்கள்.