'வாங்கு' என்று போட்டிருந்ததே, வாங்கினோமா?

பிசி கேம்களைத் திருட்டுத்தனமாகப் பிரதி எடுக்காமலிருக்க வைக்கும் பூட்டுதான் டிஆர்எம். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான்.

கே: இருபது வருடம் முன்னால் வாங்கிய கேம் டிஸ்க்குகள் புது கம்ப்யூட்டரில் திறக்கவே மாட்டேன் என்கின்றன. ஒரு கீறல்கூட இல்லை. எதில் கோளாறு?

ப: டிஸ்க்கிலும் இல்லை, உங்களிடமும் இல்லை. அந்தக் காலத்து கேம்கள் பலவற்றில் சேஃப்டிஸ்க் என்ற பூட்டு இருந்தது. அதைத் திறக்க விண்டோஸில் இருக்க வேண்டிய டிரைவர் என்ற சிறு மென்பொருளில் பாதுகாப்புக் குறை இருந்ததால், 2015-ல் வந்த விண்டோஸ் 10-ல் மைக்ரோசாஃப்ட் அதை விட்டுவிட்டது. டிரைவர் இல்லாவிட்டால் பூட்டு திறக்காது. என் அலமாரியிலும் அப்படி ஒரு வரிசை நிற்கிறது. தூக்கிப் போட மனசு வரவில்லை. ஜிஓஜி கடையில் பழைய கேம்கள் பல பூட்டில்லாமல் கிடைக்கின்றன. இரண்டாம் முறை காசு கொடுப்பது வயிற்றெரிச்சல்தான். ஆனால் அந்த இன்ஸ்டாலரைத் தனியாகச் சேமித்து வைத்துக்கொள்ளலாம்.

கே: ஸ்டீம் என்ற ஆன்லைன் கடையில் ஒரு கேம் வாங்கி ஒன்பது மணி நேரம் விளையாடிவிட்டேன். அதில் டெனுவோ என்ற டிஆர்எம் பூட்டு இருப்பது இப்போதுதான் தெரிந்தது. கடையில் அந்த கேமின் பக்கத்தில் எழுதியிருந்ததை நான் படிக்கவில்லை. பணம் திரும்ப வருமா?

ப: வராது. ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால்தான் ரீஃபண்ட். எழுதி வைத்திருப்பது படிப்பதற்குத்தான்.

கே: டெனுவோ இருந்தால் கேம் மெதுவாக ஓடும் என்பது உண்மையா?

ப: எல்லா கேமிலும் இல்லை, எப்படிப் பொருத்தியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. 2021-ல் ரெசிடென்ட் ஈவில் வில்லேஜ் பிசியில் திணறியது. அதை உருவாக்கிய கேப்காம் அந்தத் திருட்டுத் தடுப்பைச் சீர்செய்து அப்டேட் கொடுத்த பிறகுதான் சரியானது. நிறுவனங்கள் பக்கமும் நியாயம் உண்டு. விற்பனையில் பெரும்பங்கு முதல் சில வாரங்களில்தான் நடக்கும். அப்போது கேம் திருட்டுப்போனால் வருடக்கணக்கான உழைப்பு போச்சு. ஆனால் அந்த வாரங்கள் கழிந்த பிறகும் பூட்டு எதற்கு? 2016-ல் வந்த டூம் கேமில் அதே வருடக் கடைசியில் எடுத்துவிட்டார்கள். அவசரமில்லை என்றால் காத்திருங்கள். விலையும் இறங்கியிருக்கும்.

கே: காசு கொடுத்து வாங்கிய ஒரு கேமின் சர்வரை, அதாவது அது இன்டர்நெட் வழியே தொடர்புகொள்ளும் நிறுவனத்தின் கம்ப்யூட்டரை, நிறுத்திவிட்டார்கள். தனியாக விளையாடும் பகுதிகூடத் திறக்கவில்லை. நான் என்ன தப்பு செய்தேன்?

ப: ஒரு தப்பும் செய்யவில்லை. 2014-ல் வந்த த க்ரூ கேமை வாங்கியவர்களுக்கும் இதுதான் நடந்தது. 2024 மார்ச் 31-ல் அதை வெளியிட்ட யூபிசாஃப்ட் சர்வரை நிறுத்தியது. தனியாளாக விளையாடவும் சர்வர் கட்டாயம் என்று வைத்திருந்ததால் முழு கேமும் போனது. விற்ற பொருளை விற்றவரே திரும்பத் தூக்கிக்கொண்டு போனால் வேறு எந்த வியாபாரத்தில் பொறுப்போம்? 'நாங்கள் விற்றது லைசன்ஸ்தான், விளையாடும் அனுமதி மட்டும்தான்' என்கிறார்கள். அப்படியானால் பட்டனில் 'வாங்கு' என்று ஏன் எழுத வேண்டும்? கலிஃபோர்னியாவில் இதற்குச் சட்டமே வந்துவிட்டது: லைசன்ஸ் மட்டும் கொடுப்பவர் அதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்று போட 2025 ஜனவரி 1 முதல் தடை.

சர்வர் இல்லாமல் ஓட வைக்கவே முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2013-ல் வந்த சிம்சிட்டி இன்டர்நெட் இல்லாமல் திறக்காது. வெளியான வாரமே சர்வர் தாங்காமல், வாங்கியவர்கள் விளையாட முடியாமல் தவித்தார்கள். அடுத்த வருடம் அதே கேமை ஆஃப்லைனில் ஓடும்படி மாற்றிக் கொடுத்தார்கள். விற்ற கேமை இப்படி முடக்கக் கூடாது என்று கேட்கும் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' மனுவில் ஐரோப்பாவில் 10 லட்சத்துக்கு மேல் கையெழுத்து சேர்ந்திருக்கிறது. கடைக்கு எழுதி ரீஃபண்ட் கேளுங்கள். மறுத்தாலும் அதை எழுத்தில் வாங்கி வைத்து, நுகர்வோர் அமைப்புக்குப் புகார் அனுப்புங்கள்.

கே: ஒரு கேமில் மூன்று முறைதான் ஆக்டிவேஷன், அதாவது கம்ப்யூட்டரில் போட்டு பூட்டைத் திறந்துகொள்ள அனுமதி, என்று போட்டிருக்கிறது. வாங்கலாமா?

ப: வேண்டாம். நான் அப்படி ஒன்று வாங்கினேன். ஹார்ட் டிஸ்க் மாற்றியதில் ஒன்று, விண்டோஸ் மறுபடி போட்டதில் ஒன்று, புது கம்ப்யூட்டரில் ஒன்று. நான்காவதுக்கு எழுதிக் கேட்டேன், பதிலே வரவில்லை.

கே: பூட்டை உடைக்கும் கிராக் போட்டுக்கொண்டால் இந்தத் தொல்லையே இல்லையே?

ப: உழைத்தவருக்குக் காசு போகாது, உங்கள் கம்ப்யூட்டருக்கு வைரஸும் வரலாம். போடாதீர்கள்.

கே: என் ஸ்டீம் அக்கவுண்டை மகள் பெயருக்கு எழுதி வைக்க முடியுமா?

ப: முடியாது, உயில் எழுதினாலும் மாற்றித் தர மாட்டார்கள். ஒரே வீட்டில் இருந்தால் ஸ்டீமின் குடும்ப வசதியில் 6 பேர் வரை சேரலாம். இப்போதே மகளைச் சேர்த்துவிடுங்கள்.