படத்தில் பளபளக்கிறது, காரில் ஏறவில்லை

எண்பதுகளின் ரிமோட் கார்களுக்குக் கிடைக்காமல் போன பாகங்களைக் கணினியில் வரைந்து, முப்பரிமாண அச்சுப்பொறியில் பிளாஸ்டிக்கில் அச்சிட்டு விற்கிறார்கள், பார்த்து வாங்குங்கள் என்று சென்ற முறை போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன். பார்க்காமல் வாங்கியவர்கள் இத்தனை பேர் இருப்பார்கள் என்று அப்போது தெரியாது. வந்த கடிதங்களைச் சுருக்கித் தருகிறேன்.

கே: என்னிடம் இருப்பது 1984-ல் வந்த டமியா ஹார்னெட். உடைந்த முன் பம்பருக்குப் பதிலாக முப்பரிமாண அச்சில் எடுத்த பம்பர் ஒன்றை வாங்கி மாட்டினேன். ஒரு மத்தியானம் முழுக்க வண்டியின் டிக்கியில் இருந்தது. எடுத்துப் பார்த்தால் பம்பர் வளைந்து தொங்குகிறது. "உறுதியான பிளாஸ்டிக்" என்றுதான் போட்டிருந்தார்கள்.

ப: எந்தப் பிளாஸ்டிக் என்று போட்டிருந்தார்களா? போட்டிருக்க மாட்டார்கள். அநேகமாக அது பிஎல்ஏ. அச்சிட எளிது, விலை குறைவு, கையில் எடுத்தால் கெட்டியாகத்தான் இருக்கும். 60 டிகிரியை நெருங்கினால் இளக ஆரம்பித்துவிடும். வெயிலில் பூட்டி நிறுத்திய வண்டிக்குள் அந்தச் சூடு சாதாரணம். மோட்டாரைத் தாங்கும் பாகமாக இருந்திருந்தால் வெயில்கூட வேண்டியதில்லை. பிஇடிஜி 80 டிகிரி வரைக்கும், ஏபிஎஸ் 100 வரைக்கும் ஏறக்குறைய தாக்குப்பிடிக்கும். பம்பர் மாதிரி அடிவாங்கும் இடத்துக்கு நைலான்தான் சரி.

உங்கள் மேல் தப்பில்லை. ஓடுகிற காருக்கான பம்பர் என்று சொல்லி விற்றவர், ஓடும்போது தாங்குவதைத்தான் கொடுத்திருக்க வேண்டும். பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். கோபத்தில் பம்பரைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். காரில் மாட்டியபடியே நாலு பக்கமும் படம் எடுத்து வையுங்கள்.

கே: பாகங்களை நானே வரையலாம் என்றிருக்கிறேன். எந்த மென்பொருளை விலைக்கு வாங்கலாம்?

ப: எதையும் வாங்காதீர்கள். ஃப்ரீகேட் முழுக்க இலவசம்; 2024 நவம்பரில் அதன் 1.0 பதிப்பும் வந்துவிட்டது. ஆன்ஷேப்பின் இலவசக் கணக்கில் நீங்கள் வரைவதை ஊரே பார்க்கலாம், அது சம்மதமென்றால் அதுவும் நல்லதுதான்.

கே: சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் ஆர்மின் "கேட் ஃபைல்" (கணினி வரைபடக் கோப்பு) என்று ஒன்றை வாங்கி, அச்சிட்டுத் தருபவரிடம் அனுப்பினேன். வந்த பாகம் அரிசி மணியை விடச் சின்னதாக இருக்கிறது. யார் தவறு?

ப: முதலில் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். பிறகு கோபம் வந்தது. உங்கள் மேல் அல்ல.

உங்களுக்கு வந்தது எஸ்டிஎல் கோப்பு. அதில் அலகே கிடையாது. நீளம் 2 என்றிருக்கும். 2 என்ன என்று இருக்காது. வரைந்தவர் அங்குலத்தில் வரைந்திருக்கிறார், அச்சிட்டவரின் கணினி மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொண்டது. 50 மி.மீ. நீள ஆர்ம் 2 மி.மீ.கூட இல்லாமல் போன கதை இதுதான். 25.4 மடங்கு பெரிதாக்கி மறுபடி அச்சிடச் சொல்லுங்கள், ஆர்ம் வந்துவிடும்.

என் வயிற்றெரிச்சல் வேறு. எஸ்டிஎல்லைக் கொடுத்துவிட்டு "கேட் ஃபைல்" என்பதே ஏமாற்று வேலை. அது முக்கோணங்களை ஒட்டிச் செய்த வெறும் கூடு. ஒரு துளையை 3 மி.மீ.யிலிருந்து 3.1 ஆக்கலாம் என்று திறந்தால், அதில் துளை என்று தனியாக ஒன்றும் இருக்காது. வட்டமாக அடுக்கிய துண்டுகள்தான் இருக்கும். ஸ்டெப் என்ற வகை வரைபடக் கோப்பில் துளை துளையாகவே இருக்கும், அதன் மையமும் ஆரமும் கைக்கு வரும். எஸ்டிஎல்லை வரைபடம் என்று விற்பது, தையல்காரர் தைத்த சட்டையைக் கொடுத்துவிட்டு அளவு நோட்டைக் கொடுத்தேன் என்று சாதிப்பது மாதிரி. காசு கொடுக்கும் முன் "ஸ்டெப் தருவீர்களா?" என்று கேளுங்கள். இழுத்தால் விலகிவிடுங்கள்.

அடுத்தது அந்த விளம்பரப் படங்கள். பாதிக்கு மேல் கேமராவில் எடுத்தவை அல்ல, கணினி தீட்டிக் கொடுத்தவை. திரையில் இருக்கும் பாகம் சுருங்காது, கோணாது, பக்கத்து ஸ்க்ரூவின் தலையில் இடிக்காது. அப்படியொரு படத்தில் மயங்கி நானும் ஒரு கியர்பாக்ஸ் மூடி வாங்கினேன். இரண்டு ஸ்க்ரூ கச்சிதமாக இறங்கின. மூன்றாவது ஓட்டை அரை ஓட்டை தள்ளி நின்றது. கேட்டால், "என்கிட்ட அந்தக் கார் இல்லையே சார், ஃபோட்டோவைப் பார்த்து வரைஞ்சது" என்று பதில் வந்தது. அந்த மூடி இன்னும் என் மேஜையில் காகிதம் பறக்காமல் பார்த்துக்கொள்கிறது. அன்றிலிருந்து விற்பவரிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று: காரில் மாட்டிய படம் இருக்கிறதா?

கே: டிபியூ என்ற வளையும் பிளாஸ்டிக்கில் அச்சிட்ட டயர், பழைய ரப்பர் டயர் மாதிரியே பிடிக்குமா?

ப: பிடிக்காது. அலமாரியில் நிற்கும் காருக்குப் போடுங்கள்.

கே: மோட்டாரில் மாட்டும் சின்னக் கியர், 18 பல் பினியன் ஒன்று வாங்கினேன். பழையதும் 18 பல்தான், எண்ணிப் பார்த்துத்தான் வாங்கினேன். ஆனால் பெரிய கியரோடு பல் சேரவே இல்லை. போலிச் சரக்கை விற்றவர்மேல் புகார் செய்யலாமா?

ப: செய்யலாம், தோற்கலாம். விற்பனைப் பக்கத்தைப் படம் எடுத்து நீங்களே அனுப்பியிருக்கிறீர்கள், அதில் தடித்த எழுத்தில் "0.6 மாட்யூல்" என்று இருக்கிறது. மாட்யூல் என்றால் பல்லின் பருமன்; உங்கள் காரில் இருப்பது 0.8. பல்லை மட்டும் எண்ணி கியர் வாங்குவது, பொத்தானை எண்ணிச் சட்டை வாங்குவது மாதிரி.

பல் எண்ணிக்கையோடு 2 கூட்டி மாட்யூலால் பெருக்கினால் கியரின் வெளிவிட்டம் வந்துவிடும். 18 பல்லுக்கு 0.6 என்றால் 12 மி.மீ., 0.8 என்றால் 16. காலிப்பர்கூட வேண்டாம், ஸ்கூல் ஸ்கேலே காட்டிக்கொடுக்கும். மாட்டிக்கொள்ளக்கூடிய இடம், பல்லின் பருமனை அங்குலக் கணக்கில் சொல்லும் 32 பிட்ச் கியர்தான்: அதே 18 பல்லுக்கு 15.9 மி.மீ. வரும். 0.8-ஓடு சேர்ந்து ஓடவும் செய்யும். ஆனால் நீங்களே வரையப் போகிறீர்கள் என்றால் இரண்டையும் ஒன்றாக நினைக்காதீர்கள்.

கே: முப்பரிமாண ஸ்கேனர் வாங்கினால் அளவெடுக்கிற தொல்லையே இல்லை என்கிறார்களே?

ப: என்னிடமும் அப்படித்தான் சொன்னார்கள். முதலில் வைத்தது கறுப்புச் சக்கரம். ஸ்கேனருக்குக் கண்ணே தெரியவில்லை. வெள்ளைப் பொடி அடித்தேன், சக்கரம் தெரிந்தது. கியரை வைத்தேன், பல்லெல்லாம் சப்பிப்போட்ட மாதிரி மொழுக்கென்று வந்தது. அதிலிருந்து கிடைப்பதும் முக்கோணக் கூடுதான், மேலே உட்கார்ந்து மறுபடி வரைய வேண்டும். மலிவு ஸ்கேனர் வாங்கிக் கையைச் சுட்டுக்கொண்டது போதும்.

தட்டையான பாகத்தைக் காகிதம் ஸ்கேன் செய்யும் சாதாரண ஸ்கேனரில், பக்கத்தில் ஸ்கேலோடு கவிழ்த்து வையுங்கள். அந்தப் படத்தை மென்பொருளில் கொண்டுவந்து, ஸ்கேலை வைத்து அளவைச் சரிசெய்து, மேலேயே கோடு போடுங்கள். துளை, தடிமன், கம்பி இதெல்லாம் காலிப்பரில். நல்ல காலிப்பர் ஒன்றுக்குச் செலவழியுங்கள், போதும்.

கே: டமியா ஃப்ராக் காருக்கு "பிரிக்காத பழைய ஒரிஜினல்" என்று பெருந்தொகை கொடுத்து ஒரு பாகம் வாங்கினேன். புதிதாக அச்சிட்டதோ என்று சந்தேகம். வீட்டில் சொல்லக்கூட வெட்கமாக இருக்கிறது.

ப: வெட்கப்பட வேண்டியவர் அவர். இருட்டறையில் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, பாகத்தைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். தொழிற்சாலையில் வார்த்த ஒரிஜினல் பிளாஸ்டிக்கில், வார்ப்பிலிருந்து தள்ளிய ஊசிகளின் வட்டத் தடம் உள்பக்கம் இருக்கும். சட்டத்திலிருந்து நறுக்கிய வடு ஓரத்தில் இருக்கும். அச்சுப்பொறியில் எடுத்ததில் விரல்ரேகை மாதிரி வரிவரியாக ஓடும். வரி இல்லாமல் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாக இருந்தால் நைலான் தூளை லேசரில் உருக்கிச் செய்தது. மேலே பெயின்ட் அடித்திருந்தால் அதுவே பாதிச் சாட்சி.

எல்லாவற்றையும் படம் எடுத்து, விற்றவருக்கும், எதன் வழியாகப் பணம் செலுத்தினீர்களோ அந்த நிறுவனத்துக்கும் "விவரித்த பொருள் வரவில்லை" என்று எழுதுங்கள். தாமதிக்காதீர்கள், புகாருக்குக் காலக்கெடு இருக்கும். இனி எந்தப் பழைய பாகத்துக்கும் கொட்டிக்கொடுக்கும் முன் ஒன்றைப் பாருங்கள்: ஹார்னெட்டை 2004-லும் ஃப்ராக்கை 2005-லும் டமியாவே மறுபடி வெளியிட்டது. அந்த மறுவெளியீட்டின் பாகம் உங்கள் பழைய காருக்குப் பொருந்துமானால் இந்த வியாபாரிகளின் வாசலில் நிற்கவே வேண்டாம்.

கே: அப்பாவின் பழைய காரிலிருந்து உடைந்த ஆர்மை அளந்து நானே வரைந்தேன். அச்சிட்டு வந்தது, ஆனால் அதைக் கோக்கும் கம்பியில் லொடலொட என்று ஆடுகிறது. இலவசமாகத் திரும்ப அச்சிட்டுத் தரச் சொல்லலாமா?

ப: நீங்கள் வரைந்ததைத்தானே அவர் அச்சிட்டார்? நாற்பது வருஷத் தேய்மானத்தையும் சேர்த்து அளந்திருக்கிறீர்கள். துளையை அளக்காதீர்கள், அதற்குள் போகும் கம்பியை அளங்கள். கம்பி 3 மி.மீ. என்றால் துளையை 3 என்றே வரையுங்கள். பிளாஸ்டிக் இழையை உருக்கி எடுக்கும் அச்சில் துளை கொஞ்சம் சிறுத்துத்தான் வரும், 3 மி.மீ. டிரில்லைக் கையால் சுழற்றிச் சரிசெய்யலாம்.

ஆர்மைப் படுக்கவைத்து அச்சிடும்படி எழுதிக் கொடுத்தீர்களா? எழுதிக் கொடுத்தும் அவர் நிற்கவைத்து எடுத்திருந்தால் அடுக்கு அடுக்காகப் பிளந்துவிடும். அப்போது தாராளமாக இலவசமாகக் கேளுங்கள். இந்த முறை முழு ஆர்மையும் அனுப்பாதீர்கள். துளை இருக்கும் முனையை மட்டும் வெட்டி அச்சிட்டு வாங்கி, கம்பியைச் செருகிப் பார்த்துவிட்டு மீதியைச் சொல்லுங்கள்.