'ஹவ் ஆர் யூ' என்றால் நின்று பதில் சொல்லாதீர்கள்

கேள்வி: புது வேலையில் முதல் வாரம். வெளிநாட்டு மேலாளர் எதிரே வந்து 'ஹவ் ஆர் யூ?' என்றார். நானும் மரியாதையாக நின்று, காய்ச்சல் வந்துபோனதையும் இருமல் இன்னும் விடாததையும் சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே 'கிரேட், கிரேட்' என்று நடையைக் கட்டிவிட்டார். எனக்குக் காய்ச்சல் வந்ததில் என்ன கிரேட்? இங்கிலீஷ்காரர்களுக்கு மரியாதையே தெரியாதா?

பதில்: தெரியும். உங்களுக்குத்தான் அவர் கேட்டது கேள்வி இல்லை என்பது தெரியவில்லை. எதிரே வருகிறவரைப் பார்த்தேன் என்று காட்டிக்கொள்ள ஒரு சத்தம், அவ்வளவுதான். 'ஃபைன், தேங்க்ஸ். அண்ட் யூ?' என்று நடந்தபடியே சொல்லிவிட்டுப் போயிருந்தால் அவரும் சந்தோஷப்பட்டிருப்பார், உங்கள் இருமலும் ரகசியமாக இருந்திருக்கும்.

இது பரவாயில்லை. முதல்முறை கைகுலுக்கும்போது சொல்கிற 'ஹவ் டூ யூ டூ?' என்று ஒன்று இருந்தது. அதற்குப் பதிலும் அதே 'ஹவ் டூ யூ டூ'தான்! இரண்டு பேரும் கேட்டுக்கொள்வார்கள், இரண்டு பேரும் பதில் சொல்ல மாட்டார்கள். இப்போது அது அருகிப்போய், அந்த இடத்தில் 'நைஸ் டு மீட் யூ' உட்கார்ந்துவிட்டது. பிரிட்டனில் 'ஆல் ரைட்?' என்பார்கள், நம் முகம் ஏதோ வாடிக் கிடக்கிறதோ என்று பயப்பட வேண்டாம், அதுவும் வெறும் ஹலோதான்.

மரியாதை விஷயத்துக்கு வருகிறேன். நமக்கு நீ, நீங்கள் என்று இரண்டு இருப்பதால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடுகிறது. ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் நீ என்பதற்கு 'தௌ' இருந்தது. 17ஆம் நூற்றாண்டில் அது பொதுப் பேச்சிலிருந்து மெல்ல உதிர்ந்து, முதலாளிக்கும் குழந்தைக்கும் நாய்க்குட்டிக்கும் ஒரே 'யூ' என்று ஆகிவிட்டது. அப்புறம் மரியாதையை எங்கே வைப்பது? பெரும்பாலும் நீளத்தில். வாக்கியத்தை முழுசாகச் சொன்னால் மரியாதை, வால் தலையை நறுக்கிச் சொன்னால் நெருக்கம். 'குட் மார்னிங்' என்பதை நண்பரிடம் 'மார்னிங்' என்று சுருக்கலாம், நேர்முகத் தேர்வில் சுருக்கக் கூடாது. விடைபெறும்போதும் இதே கதைதான்: நேர்முகத் தேர்வு முடிந்து எழுந்தால் 'தேங்க் யூ ஃபார் யுவர் டைம், இட் வாஸ் நைஸ் மீட்டிங் யூ', பக்கத்து மேஜைக்காரரிடம் 'ஸீ யூ'. அந்த 'குட் பை'யே 'காட் பி வித் யீ', அதாவது கடவுள் உங்களோடு இருக்கட்டும் என்பது 16ஆம் நூற்றாண்டு வாக்கில் தேய்ந்து சுருங்கியதுதான். அதையும் தேய்த்து வெறும் 'பை' ஆக்கியாயிற்று.

'குட் நைட்' மட்டும் தனி. ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு விருந்துக்குள் நுழைந்தாலும் 'குட் ஈவ்னிங்'தான். வாசலிலேயே 'குட் நைட்' சொன்னால் வந்ததும் கிளம்புகிறீர்கள் என்று அர்த்தம்.

அறிமுகத்தில் இன்னும் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். 'மைசெல்ஃப்' என்று தொடங்கிப் பெயரைச் சொல்வதை இன்றோடு விட்டுவிடுங்கள், 'ஐ ஆம்' போதும். இன்னொருவரை அறிமுகப்படுத்தும்போது 'திஸ் இஸ்' என்று சொல்ல நமக்கு நாக்கு கூசுகிறது, மனிதரைப் போய் 'இது' என்பதா என்று. ஆங்கிலத்தில் அதுதான் சரியான முறை. பக்கத்தில் நிற்கிறவரை 'ஹீ இஸ்' என்று தொடங்கினால்தான் அவரைச் சுட்டிக்காட்டிப் பேசுகிற மாதிரி ஆகும். யாரை யாருக்கு என்பதிலும் ஒரு முறை உண்டு. பெரியவர் பெயரை முதலில் விளித்து, சின்னவரை அவருக்கு அறிமுகப்படுத்த வேண்டும். 'மீட்' என்பது முதல் சந்திப்புக்கு மட்டும். இரண்டாம் தடவை பார்க்கிறவரிடம் 'நைஸ் டு மீட் யூ' என்றால் போன தடவை பார்த்ததே உங்களுக்கு நினைவில்லை என்று அவருக்குத் தெரிந்துவிடும். 'நைஸ் டு ஸீ யூ' என்று தப்பித்துக்கொள்ளுங்கள்.

போனில் 'ஹூ ஆர் யூ?' என்று கேட்காதீர்கள், அது அதட்டல். 'மே ஐ நோ ஹூஸ் காலிங்?' என்று கேளுங்கள். போன் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. 'ஹலோ' அதற்கு முன்பு பெரும்பாலும் ஆளைக் கூப்பிடவும் ஆச்சரியப்படவும் போட்ட கூச்சல்தான். தொலைபேசியில் பேச்சைத் தொடங்க அதுவே போதும் என்று 1877இல் எடிசன் எழுதினார். கிரகாம் பெல்லுக்குப் பிடித்ததோ கப்பல்காரர்களின் 'அஹோய்'. நல்லவேளை, எடிசன் ஜெயித்தார்.

சரி, உங்கள் மேலாளர் நாளைக்கும் கேட்பார். 'குட், தேங்க்ஸ், அண்ட் யூ?' என்று சொல்லிவிட்டு நகருங்கள், அவர் பதிலுக்கும் காத்திருக்காதீர்கள். ஒருவேளை அவர் நின்று, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, 'ஹவ் ஆர் யூ ஃபீலிங் நவ்?' என்று கேட்டால் அது நிஜமான கேள்வி. அப்போது இருமலைப் பற்றிச் சொல்லலாம், காய்ச்சலில் இருந்தே தொடங்க வேண்டாம்.