துணிக்கூரை: வெளிச்சம் வரட்டும், வெக்கை வேண்டாம்

மன்னார்குடி வாசகர்: 40க்கு 25 மீட்டரில் உள்விளையாட்டரங்கம் கட்டுகிறோம். தகர ஷீட்டுக்குப் பதில், பூச்சுள்ள துணியை இழுத்துக் கட்டும் ஒளி புகும் துணிக்கூரை போட்டால் பகலில் விளக்கே வேண்டாம் என்கிறார்கள். வெயில் இறங்காதா?

இறங்கும். எவ்வளவு என்பதுதான் கணக்கு. சித்திரை உச்சிவெயிலில் வெளியே சுமார் 1 லட்சம் லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு) வெளிச்சம். 5 சதவீதம் ஒளி விடும் துணி என்றால் கூரைக்கடியில் 5,000 லக்ஸ். ஐப்பசி மூட்டத்தில் வெளியே 10,000 லக்ஸ்தான் என்றாலும் உள்ளே 500 தேறும். கபடி, வாலிபால் பயிற்சிக்கு 300 போதும். ஆகவே '15 சதவீதம் ஒளி' என்று யாராவது சாம்பிளைத் தூக்கிக் காட்டினால் மயங்காதீர்கள், மிச்ச வெளிச்சமெல்லாம் வெக்கைதான்.

துணியின் கனம் ஒரு மில்லிமீட்டர் அளவுதான். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பியடிக்குமே தவிர, சூட்டைத் தடுக்காது. உச்சியில் காற்றுப்போக்கி கட்டாயம் வேண்டும். ஏசி போடுவதானால் நடுவே காற்று இடைவெளி விட்டு இரண்டு அடுக்கு. பக்கத்தில் அரிசி ஆலை இருந்தால் உமிச்சாம்பல் படிந்து வெளிச்சம் குறையும், சூடு ஏறும். கழுவ சோப்புத் தண்ணீரும் மெதுவான பிரஷ்ஷும் போதும். ஆசிட், தின்னர், பிளீச்சிங் பவுடர் கூடவே கூடாது.

ஒன்று கேட்கவில்லை நீங்கள்: ஷட்டில் ஆடுவீர்களா? ஒளிரும் வெள்ளைக் கூரைக்கு எதிரே வெள்ளை இறகுப்பந்து கண்ணுக்குத் தப்பிவிடும். அதுதான் முக்கிய ஆட்டம் என்றால் இந்தக் கூரை வேண்டாம்.

வேதாரண்யம் வாசகர்: 2018 கஜா மாதிரி புயல் வந்தால் நிற்குமா?

துணி சதுர மீட்டருக்கு ஒரு கிலோதான். மணிக்கு 180 கி.மீ. காற்றின் அழுத்தமோ சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. கூரை மேலே பிடுங்கும். அதனால் செலவைத் தூணடியில் போடுங்கள்: நம் களிமண் கோடையில் வெடித்து மழையில் உப்பும், மேலாக எடுத்த அடித்தளம் பிடிக்காது, பைல் (ஆழமாக இறக்கும் அடித்தளத் தூண்) இறக்குங்கள். துணி குதிரைச் சேணம்போல் இருபுறமும் எதிரெதிராக வளைய வேண்டும். தட்டையாக விட்டால் மழைநீர் குளம் கட்டும். தொய்ந்தால் காற்றில் படபடத்து துணியைப் பிடிக்கும் மூலைத்தகட்டில் கிழியும். பிவிசி (ஒருவகை பிளாஸ்டிக்) பூசிய பாலியஸ்டர் துணி சில மாதங்களில் கொஞ்சம் இளகும், முதல் வருடத்திலேயே ஒருமுறை முறுக்கி இறுக்க வேண்டும். கடற்கரையில் போல்ட், கம்பிவடத்தின் முனை எல்லாம் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும்.

திருவாரூர் வாசகர்: கிழிந்தால் ஒட்டலாமா?

பிவிசி துணி என்றால் ஒட்டலாம். வேலை முடியும்போதே அதே ரோலில் இரண்டு மீட்டர் கேட்டு வாங்கி வையுங்கள். கிழிசலைச் சுற்றி 5 செ.மீ. கூடுதலாக, மூலைகளை வட்டமாக வெட்டுங்கள். சதுர மூலை உரியும். மேற்பூச்சை உப்புத்தாளால் சுரண்டிவிட்டு வெப்பக்காற்றால் ஒட்டுங்கள். சுரண்டாமல் ஒட்டினால் அடுத்த மழைக்கே கையோடு வரும்.